சொல்லாமை வேறு, பொய் வேறு

வேலை தேடும் இளைஞன் தன் சுயவிபரக் கோவையை எழுத உட்காரும்போது அவனை வருத்துவன அவன் பெற்ற பெறுபேறுகள் அல்ல. கணக்கில் வராத மாதங்களே. ஓரிடத்திற் சேர்ந்து, இரண்டு மூன்று மாதங்களில் நீக்கப்பட்டு வெளியேறியவன் அம்மாதங்களை எழுதுவதா, விடுவதா? என்னிடம் வரும் பழைய மாணவர் பலர் இவ்வினாவைக் கேட்கின்றனர். ஆதலின் என் கருத்தை இங்கே கூற முற்பட்டேன்.

இவ்விடயத்தில் நம்மவரிடையே இரு கட்சியினர் உளர். முழுவதையும் ஒளித்துவிடு என்பர் ஒரு சாரார். கேட்டாலும் கேளாவிட்டாலும் முழுவதையும் ஒப்புவித்துவிடு என்பர் மற்றொரு சாரார். இரண்டும் தவறென்பதே என் துணிபு.

சுயவிபரக் கோவை என்பது விண்ணப்பகாரன் தன் தகுதியைக் காட்டத் தானே தெரிந்து தொகுக்கும் ஏடு. பத்து வாரம் பார்த்த வேலையை அதிற் சேர்க்கவேண்டும் என்ற கட்டாயம் எதுவும் இல்லை. ஆனால் விண்ணப்பப் படிவம் அத்தகையதன்று. வர்த்தமானியில் வெளியாகும் அரசாங்க வேலைகளுக்குரிய படிவங்களின் இறுதியில் விண்ணப்பகாரன் கையொப்பமிடும் உறுதியுரை ஒன்றுண்டு. தந்த விபரம் பொய்யெனத் தெரிவுக்கு முன் தெரியவந்தால் தகுதி இழப்பான். நியமனத்தின் பின் தெரியவந்தால் நட்டஈடின்றி நீக்கப்படுவான் என்பதே அதன் சாரம். முன்னர் எவ்வேலையிலிருந்தேனும் நீக்கப்பட்டதுண்டா என்று படிவம் கேட்குமாயின், அங்கே மௌனமும் பொய்யாகும். பத்து வார வேலையை மறைக்கப்போய்ப் பத்தாண்டு உத்தியோகத்தைப் பணயம் வைப்பதா?

தடம் அழிந்துவிடும் என்று எண்ணுவதும் பேதைமை. 1958ஆம் ஆண்டின் 15ஆம் இலக்கச் சட்டப்படி ஊழியர் சேமலாப நிதிக்கு ஊழியர் நூற்றுக்கு 8 வீதமும் தொழில்கொள்வோர் 12 வீதமும் செலுத்துதல் வேண்டும். தகுதிகாண் காலத்தில் இருப்பவருக்கும் இது பொருந்தும். ஒழுங்காகப் பணம் கட்டும் நிறுவனமாயின், வேலை பார்த்த மாதங்கள் அங்கே பதிவாகிவிடும்.

சட்டத்தின் துணை இத்தகையோருக்குக் குறைவு என்பதையும் மறத்தலாகாது. தொழில்கொள்வோர் தம் விருப்பப்படி ஆளைக் குறைப்பதைத் தடுக்க எழுந்த 1971ஆம் ஆண்டின் 45ஆம் இலக்கச் சட்டம், 180 நாளுக்குக் குறைவாக வேலை செய்தவனைக் காப்பதில்லை. 1957ஆம் ஆண்டின் திருத்தச் சட்டத்தால் தோன்றிய தொழில் நியாய சபைகளின் கதவு திறந்திருந்தாலும், தகுதிகாண் காலத்தில் நீக்கப்பட்டவனுக்கு அங்கே வெற்றி எளிதன்று. ஆகவே குறுங்கால வேலையில் நீக்கப்பட்டான் என்ற ஒன்றே ஒருவன் குற்றவாளி என்பதற்குச் சான்றாகாது. பயிற்றாமை, ஆட்குறைப்பு, மேலதிகாரியின் மனக்கசப்பு எனக் காரணம் எதுவாகவும் இருக்கலாம்.

என் மாணவன் ஒருவன் கொழும்பில் ஒரு கம்பனியிற் கணக்கு எழுதுவோனாகச் சேர்ந்து பத்தாம் வாரத்தில் நீக்கப்பட்டான். வீட்டார் ஊராரிடம், "லீவில் வந்திருக்கிறான்" என்றனர். அம்மாதங்களில் தகப்பனாரின் கடையைப் பார்த்ததாக எழுதும்படி தாய்மாமன் யோசனை கூறினார். அவன் அதற்கு வள்ளுவரையும் துணைக்கழைத்தான். குற்றமற்ற நன்மை தருமாயின் பொய்யும் வாய்மையாகும் என்று அவர் கூறவில்லையா என்றான்.

கூறினார்தான். ஆயின் அந்த நன்மை குற்றம் நீங்கியதாய் இருத்தல் வேண்டும் என்று வரம்பு கட்டியன்றோ கூறினார்! பார்க்காத வேலையைப் பார்த்ததாகச் சொல்லிப் பெறும் நன்மை சொன்னவனுக்கே உரியது. அந்த ஆசனத்துக்கு நேர்மையாய் விண்ணப்பித்த இன்னொரு பிள்ளை அதனால் இழப்பது மெய். அதனைக் குற்றமற்ற நன்மை என்பது எங்ஙனம்?

கடையைப் பற்றிய வரியை அவன் எழுதவில்லை. நேர்முகப் பரீட்சையில் இடைவெளி பற்றிக் கேட்டபோது, "ஒரு நிறுவனத்தில் பத்து வாரம் இருந்தேன்; அவர்கள் எதிர்பார்த்த வேகம் என்னிடம் இல்லையென நிறுத்தினார்கள்; அதன்பின் கணினிக் கணக்கியல் படித்து வருகிறேன்" என்றான். முதலிடத்தில் வேலை கிடைக்கவில்லை, இரண்டாமிடத்திற் கிடைத்தது. முதலிடத்தில் தவறியது உண்மை சொன்னதாலா, வேறு காரணத்தாலா என்பதை யாமறியோம். உண்மை எப்போதும் உடனே கூலி கொடுக்கும் என்று மாணவருக்குப் போதிப்பதும் ஒருவகைப் பொய்யே.

அவன் விடையின் அளவைக் கவனியுங்கள். நடந்தது, காரணம், பின்னர் செய்தது என்ற மூன்றே அதிலுண்டு. பழைய முதலாளிமேல் வசையும் இல்லை, கண்ணீரும் இல்லை. காயத்தை விரித்துக் காட்டுபவன், அது இன்னும் ஆறவில்லை என்பதையே கேட்போருக்கு உணர்த்துகிறான்.

நேர்முகப் பரீட்சை நடத்தும் பெரியோருக்கும் ஒரு சொல். உண்மை சொன்னவனை அந்த உண்மைக்காகவே ஒதுக்குவீர்களாயின், அடுத்துவரும் பத்துப்பேருக்கும் பொய் சொல்லக் கற்பிப்பவர் நீங்களே. ஆசிரியர்களாகிய நாமும், நற்சான்றுப் பத்திரம் எழுதிக் கொடுப்பதோடு நம் கடமை முடிந்ததென்று இருத்தல் தகாது. பரீட்சையில் தவறியவனுக்கு மறுமுறை உண்டென்று சொல்லும் நாம், வேலையில் தவறியவனைக் கண்டதும் ஊரோடு சேர்ந்து குரலைத் தாழ்த்திக்கொள்கிறோம். அவன் பொய்யை நாடுவது பெரும்பாலும் முதலாளிக்கு அஞ்சியன்று. நமது அந்தத் தாழ்ந்த குரலுக்கு அஞ்சியே.