கடலோடியின் கடமை

1997ஆம் ஆண்டு, சார்ல்ஸ் மூர் என்னும் அமெரிக்கக் கடலோடி, ஹவாயில் முடிவுற்ற பாய்மரப் படகுப் போட்டிக்குப் பிறகு கலிஃபோர்னியாவுக்குத் திரும்பிக்கொண்டிருந்தார். காற்று குறைவாக வீசுவதால் படகோட்டிகள் பொதுவாகத் தவிர்க்கும் ஒரு கடற்பகுதியின் வழியாக அவர் சென்றார். அதைக் கடக்க ஒரு வாரம் ஆனது. அந்த வாரம் முழுவதும், அவர் கடலைப் பார்த்தபோதெல்லாம் போத்தல், மூடி, உறை என ஏதேனும் ஒரு நெகிழிப் பொருள் மிதந்துகொண்டிருந்தது. 1999ஆம் ஆண்டு அவர் நுண்ணிய வலையுடன் மீண்டும் அங்கே சென்றார். வலையில் சிக்கிய நெகிழியின் எடை, கடல்வாழ் உயிரினங்களுக்கு உணவாகும் மிதவை உயிரிகளின் எடையைப்போல் ஆறு மடங்காக இருந்தது.

நெடும்பயணம் செல்லும் கடலோடி இத்தகைய குப்பையைக் கண்டால் என்ன செய்ய வேண்டும்? கண்ணில் பட்டதை எல்லாம் அவர் எடுத்து வர வேண்டும் என்று சிலர் கூறுவர். அந்த எண்ணம் நல்லதே. ஆயினும், அது நடைமுறைக்கு ஒத்துவராது. பசிபிக் பெருங்கடலின் குப்பைப் பகுதி ஏறத்தாழ 16 இலட்சம் சதுர கிலோமீட்டர் பரப்புடையது என 2018ஆம் ஆண்டு வெளிவந்த ஓர் ஆய்வு கூறுகிறது. அது கால் வைத்து நிற்கக்கூடிய குப்பைத் தீவும் அன்று. அங்குள்ள துண்டுகளுள் பெரும்பாலானவை மிகச் சிறியவை; பரந்த நீரில் சிதறிக் கிடப்பவை. நான்கைந்து பேர் செல்லும் படகால் அவற்றை அள்ளித் தீர்க்க முடியாது.

பெரிய குப்பையோ உயிருக்கே ஆபத்தானது. அதே ஆய்வின்படி, அங்குள்ள நெகிழியின் எடையில் 46 விழுக்காடு மீன்பிடி வலைகளாகும். கைவிடப்பட்ட வலை படகின் அடியில் சுழலும் விசிறியில் சிக்கிக்கொண்டால், ஒருவர் கத்தியுடன் நீரில் இறங்கி அதை அறுக்க நேரிடும். அலையில் படகு ஏறி இறங்கும்போது அவர் தலையில் அடிபடலாம். 2016ஆம் ஆண்டு, உலகைத் தனியாகச் சுற்றிவரும் வென்டே குளோப் போட்டியில் முன்னணியில் இருந்த அலெக்ஸ் தாம்சனின் படகு, நீரில் மறைந்திருந்த ஏதோ ஒரு பொருளின்மீது மோதியது. படகை நீர்மட்டத்திற்கு மேல் உயர்த்த உதவும் சிறகு போன்ற பாகம் உடைந்தது. அவர் இரண்டாம் இடத்தையே பெற முடிந்தது.

எனவே, கடலோடியின் முதற்கடமை கடலைத் துப்புரவு செய்வதன்று. அதில் மேலும் குப்பையைச் சேர்க்காமல் இருப்பதே ஆகும். கப்பல்களால் ஏற்படும் மாசைத் தடுக்கும் மார்போல் உடன்படிக்கையின் ஐந்தாம் இணைப்பு 1988ஆம் ஆண்டு இறுதியில் நடப்புக்கு வந்தது. எந்தக் கடலிலும் நெகிழியை வீசக்கூடாது என அது கூறுகிறது. சிறிய பாய்மரப் படகுக்கும் அவ்விதி பொருந்தும். பொறுப்புள்ள கடலோடிகள் புறப்படும் முன்பே பொருள்களின் மேலுறைகளை நீக்கித் துறைமுகத்திலேயே விட்டுவிடுவர். பயணத்தின்போது சேரும் நெகிழியைக் கழுவி, உலர்த்தி, சிறு துண்டுகளாக வெட்டி, காலிப் போத்தல்களில் அடைத்து வைப்பர். மூன்று வாரக் குப்பையும் சிறிதளவு இடத்தில் அடங்கிவிடும், நாற்றமும் வீசாது.

அடுத்த கடமை, கண்டதைப் பதிவு செய்வதாகும். மிதக்கும் கொள்கலனையோ பெரிய வலையையோ கண்டால், அதன் இருப்பிடத்தைக் குறித்துக்கொண்டு பிற படகுகளுக்கு வானொலிவழி எச்சரிக்கை விடுக்கலாம். 2017ஆம் ஆண்டு தொடங்கிய வால்வோ பெருங்கடல் போட்டியில், சில படகுகள் நுண்நெகிழியை அளக்கும் கருவிகளைச் சுமந்து சென்றன. ஆய்வுக் கப்பல்கள் அரிதாகவே செல்லும் தொலைதூரக் கடல்களிலிருந்தும் அவற்றால் தகவல் கிடைத்தது.

இவ்வளவும் செய்த பிறகும் ஒரு சிக்கல் எஞ்சுகிறது. சிறு தீவுகள் பலவற்றில் குப்பையை முறையாக அகற்றும் வசதி இல்லை. அங்கே இறக்கப்படும் பை, அடுத்த பெருமழையில் கடலுக்கே திரும்பக்கூடும். ஆகவே, பெரிய துறைமுகத்தை அடையும்வரை குப்பையைப் படகிலேயே வைத்திருப்பது நல்லது. துறைமுகங்களும் அதைப் பெற்றுக்கொள்ளத் தக்க ஏற்பாடுகளைச் செய்து தர வேண்டும். கடலோடி பல வாரங்கள் காத்துக் கொண்டுவரும் பையை வாங்கக் கரையில் ஆள் இல்லையென்றால், அவரது உழைப்பு வீணாகும்.

மூர் கண்ட போத்தல்களும் மூடிகளும் கடலில் விளைந்தவை அல்ல. அவை ஒரு காலத்தில் யாரோ ஒருவரின் கையில் இருந்தவை. கடலோடி தம் பங்கைச் செய்யட்டும். கரையில் வாழ்பவர்களின் பங்கு அதைவிடப் பெரியது.