தேதி போடாத கடிதம்

போன ஞாயிற்றுக்கிழமை. காபி பாதிகூட இறங்கவில்லை. எங்கள் தெருப் பையன் வந்து நின்றான். பேரணாம்பட்டு பக்கம் ஒரு தோல் கம்பெனியில் அக்கவுண்ட்ஸ் பார்க்கிறவன். கையில் ஒரு கவர்.

“இன்னாடா, கல்யாணப் பத்திரிகையா?”

“ராஜினாமாண்ணா. டி.வி.க்கு காமெடி எழுதப் போறேன். ரெண்டு எபிசோடு கேட்டிருக்காங்க. கிரேஸி மோகனும் வேலையை விட்டுட்டுத்தானே எழுதினாரு?”

டம்ளரைக் கீழே வைத்தேன். ஸ்கூல் நாளில் டி.வி.யில் மாது - சீனு வந்தால் எனக்கு ஹோம்வொர்க் அம்போ! அந்த மனுஷனைப் பற்றி அரைகுறையாகப் பேசினால் விட முடியுமா?

“உக்காரு. அவர் கிண்டி இன்ஜினீயரிங் காலேஜ்ல மெக்கானிக்கல் படிச்சவரு. சுந்தரம் கிளேட்டன்ல வேலை. 1976-ல எஸ்.வி. சேகர் குழுவுக்கு ‘கிரேஸி தீவ்ஸ் இன் பாலவாக்கம்’ எழுதினாரு. வெறும் மோகன் கிரேஸி மோகன் ஆனது அதுலதான். 1979-ல சொந்தக் குழு. தம்பி பாலாஜிதான் மாது. வேலையில இருந்துக்கிட்டே நாடகம் எழுதினவருடா அவரு. பேனா சோறு போடும்னு தெரிஞ்ச பிறகுதான் வேலையை விட்டாரு.”

பையன் முகம் சுண்டியது. நான் விடவில்லை. 1983-ல் அவருடைய ‘மேரேஜ் மேட் இன் சலூன்’ நாடகத்தை கே. பாலசந்தர் ‘பொய்க்கால் குதிரை’ ஆக்கினார். கமலுக்கு ‘அபூர்வ சகோதரர்கள்’ எழுதியது 1989-ல். முதல் நாடகத்துக்கும் அதற்கும் நடுவே பதின்மூன்று வருஷம்! அப்புறம்தான் ‘மைக்கேல் மதன காமராஜன்’, ‘பஞ்சதந்திரம்’ எல்லாம்.

அவர் வசனத்தில் பெரிய ரகசியம் ஒன்றுமில்லை. பி.காம். படித்தவனுக்குச் சட்டென்று புரியும்... டபுள் என்ட்ரி! ஒருத்தர் ஒரு வார்த்தையை டெபிட்டில் போடுவார். எதிரில் இருப்பவர் அதே வார்த்தையை வேறு அர்த்தத்தில் கிரெடிட் பண்ணிவிடுவார். கணக்கு டேலி ஆகவே ஆகாது. நாம் சிரித்துக்கொண்டே இருப்போம். யாரையும் புண்படுத்தாமல், வீட்டில் பாட்டியோடு உட்கார்ந்து பார்க்கிற மாதிரி அதை வாராவாரம் டி.வி.க்கும் எழுதுவது லேசுப்பட்ட காரியமா? கதாநாயகிக்கு ஜானகி என்று பேர் வைப்பார். அது அவருடைய ஸ்கூல் டீச்சர் பேர். 2019 ஜூன் 10-ல் அவர் போனபோது வயது 66 தான்.

“நீங்க மட்டும் வேலையை விட்டீங்களேண்ணா?”

கேட்டுவிட்டான், படுபாவி.

விட்டேன். இருபத்தாறு வயசில், ஒரே ஒரு துணுக்கு பிரசுரமான தெம்பில்! அப்புறம் மூணு வருஷம் அப்பாவின் லுங்கிக் கடைக் கல்லாதான் சோறு போட்டது. ஒரு டி.வி. எபிசோடுக்கு செக் வரும் வரும் என்று தபால்காரரையே பார்த்துக்கொண்டிருந்தேன். அந்த நாளில் அப்பா ஒரு வார்த்தை கேட்டதில்லை. கேட்டிருந்தால்கூடத் தேவலை.

இதை அவனிடம் சொன்னேன். முதல் தடவையாக வெளியில் சொல்கிறேன்.

பேசாமல் கவரை நீட்டினான். கடிதத்தில் ரெண்டு ஸ்பெல்லிங் தப்பு. திருத்திக் கொடுத்தேன். தேதி போடுகிற இடத்தைக் காலியாக விட்டு மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டான்.

“எபிசோடு எழுதிட்டு வர்றேன். படிச்சுப் பார்ப்பீங்களாண்ணா?”

“எப்ப எழுதுவே?”

“ராத்திரி... கம்பெனி விட்டு வந்து.”

காபி ஆறிப் போயிருந்தது. அவனுக்கும் சேர்த்து ரெண்டு டம்ளர் சொன்னேன்.