படகுக்கு இருக்கிற குழாய் நம் தெருவுக்கு ஏன் இல்லை?

பொழுதுபோக்குக்காகக் கடலில் ஓட்டும் பாய்மரப் படகுகளில் கழிப்பறை உண்டு. கழிவு கடலில் கலக்காமல் இருக்க, படகின் ஒரு மூலையில் ஐம்பது லிட்டரோ நூறு லிட்டரோ பிடிக்கும் தொட்டி வைக்கிறார்கள். தொட்டியின் அடிவரை இறங்கும் ஒரு குழாய், மேல்தளத்துக்கு வந்து மூடியோடு நிற்கும். கரைக்கு வந்ததும் மூடியைத் திருகி, உறிஞ்சும் ஹோஸைப் பொருத்தினால் சில நிமிடத்தில் வேலை முடிந்தது. காற்றுப் போக்குக்குத் தனிக்குழாய் இருக்கிறது. அந்த இணைப்பு வாயின் அளவுக்குச் சர்வதேசத் தரநிர்ணயம்கூட இருக்கிறது, எந்தக் கரைக்குப் போனாலும் ஹோஸ் பொருந்த வேண்டுமாம்.

பழைய படகுகளில் இதெல்லாம் கிடையாது. கழிவு நேரே கடலுக்குப் போனது. பிறகு விதிகள் வந்தன. பெரிய கப்பல்களுக்கு மார்பால் ஒப்பந்தத்தின் நான்காம் இணைப்பு 2003-இல் நடைமுறைக்கு வந்தது. சின்னப் படகுகளுக்குப் பால்டிக் கடலோர நாடுகளும் அமெரிக்காவும் தங்கள் விதிகளைப் போட்டன. படகுக்காரர்கள் முணுமுணுத்துக்கொண்டே குழாயை வெட்டினார்கள், வால்வை மாற்றினார்கள், தொட்டியைப் பொருத்தினார்கள். கடல் தண்ணீர் கெடக்கூடாது என்பதற்காக இவ்வளவும் நடந்தது. நல்லதுதான். நாங்கள் கேட்பது, மனித உயிர் போகக்கூடாது என்பதற்காக இதில் பாதியாவது ஏன் இங்கே நடக்கவில்லை என்பதை.

இங்கே என்றால் திருநீர்மலை. மலையைச் சுற்றி நீர் நின்றதால் நீர்மலை என்று பெயர். நீர் வடியும்வரை திருமங்கையாழ்வார் ஆறு மாதம் காத்திருந்தார் என்று தலபுராணம் சொல்லும். 2021 நவம்பரில் பேரூராட்சியாக இருந்த ஊரைத் தாம்பரம் மாநகராட்சியோடு சேர்த்தார்கள். பெயர் மாநகராட்சி ஆனதே தவிர, பாதாளச் சாக்கடை எட்டாத தெருக்கள் இந்தப் புறநகரில் இன்னும் ஏராளம். நிலத்தின் விலை ஏற ஏற அடுக்குமாடிகள் எழும்புகின்றன. ஒவ்வொன்றின் காலடியிலும் ஒரு செப்டிக் டேங்க். அதன் மேல் கார் நிற்கும், அல்லது டைல்ஸ் போட்டு மூடியிருக்கும். மூடி எங்கே என்று கேட்டால் வாட்ச்மேனுக்கும் தெரியாது, அசோசியேஷன் செயலாளருக்கும் தெரியாது. பில்டர் விற்றுவிட்டுப் போய்விட்டார்.

இரண்டு மூன்று ஆண்டுக்கு ஒருமுறை எடுக்க வேண்டிய கசடை, கழிப்பறை திருப்பி அடிக்கும்வரை யாரும் எடுப்பதில்லை. அதற்குள் அடியில் படிந்தது இறுகி மண்ணாகிவிடும். நாப்கின், துணி, பிளாஸ்டிக் எல்லாம் அதில் சிக்கிக்கொள்ளும். லாரிக்காரர் மேல்தண்ணீரை மட்டும் உறிஞ்சிவிட்டு, "அடியில இருக்கிறது வராது சார், ஆள் இறங்கணும்" என்பார். இந்த ஒரு வாக்கியத்தில்தான் சாவு நிகழ்கிறது. கசடைக் கிளறியதும் ஹைட்ரஜன் சல்பைடு வெளியேறும். அழுகிய முட்டை வாடைதான் எச்சரிக்கை; செறிவு கூடினால் அந்த வாடையை உணரும் மூக்கே மரத்துப்போகும். இறங்கியவர் சாய்வார், அவரைத் தூக்க அடுத்தவர் இறங்குவார். 2019 மார்ச்சில் ஸ்ரீபெரும்புதூர் அருகே ஒரு குடியிருப்பின் தொட்டியில் இப்படித்தான் ஆறு பேர் செத்தார்கள். நம் ஊரிலிருந்து ஒரு மணி நேரப் பயணம்.

"ஆள் இறங்கணும்" என்றால் எந்த ஆள்? சாக்கடை, செப்டிக் டேங்க் தொழிலாளர் சுமார் 38 ஆயிரம் பேரை ஒன்றிய அரசு கணக்கெடுத்து 2024-இல் வெளிவந்த விவரம்: ஏறக்குறைய 69 சதவீதம் பேர் பட்டியல் சாதியினர். பழங்குடியினரையும் பிற்படுத்தப்பட்டோரையும் சேர்த்தால் 92 சதவீதம். சமூகவியல் வகுப்பில் சாதியும் தொழிலும் பிரிந்துவிட்டதா என்று விவாதம் நடக்கும்போது இந்த இரண்டு எண்களை எடுத்து வையுங்கள். தமிழ்நாட்டில் அந்த ஆள் பெரும்பாலும் அருந்ததியர். எல்லோருக்கும் தெரியும். யாரும் சொல்வதில்லை.

சட்டம் இல்லையா? இருக்கிறது. 2013-ஆம் ஆண்டுச் சட்டத்தின் 7-ஆம் பிரிவு அபாயகரமான முறையில் ஆளை இறக்குவதைத் தடை செய்கிறது. முதல் முறை மீறினாலே இரண்டு ஆண்டு வரை சிறை, இரண்டு லட்சம் வரை அபராதம், அல்லது இரண்டும். பிணையில் விடமுடியாத குற்றம். ஆனால் "அபாயகரமான" என்பதன் விளக்கத்தைப் படியுங்கள்: பாதுகாப்புக் கருவிகளும் முன்னெச்சரிக்கையும் இல்லாமல் இறக்கினால்தான் அது அபாயகரம். கையுறையும் முகமூடியும் வாங்கி ஷெல்ஃபில் வைத்தவர் தப்பிக்க இதிலேயே ஒரு சந்து இருக்கிறது. 2021 ஜூலையில் நாடாளுமன்றத்தில் அமைச்சர் என்ன சொன்னார்? கையால் மலம் அள்ளுவதால் யாரும் சாகவில்லை என்றார். சாக்கடையில் செத்தவர்கள் வேறு கணக்காம். பிணத்தை ஒரு பட்டியலிலிருந்து இன்னொன்றுக்கு மாற்றினால் குற்றம் மறைந்துவிடும் என்று நினைக்கிறார்கள். 2023 அக்டோபரில் உச்ச நீதிமன்றம் இழப்பீட்டை 10 லட்சத்திலிருந்து 30 லட்சமாக உயர்த்தியது. வரவேற்கிறோம். ஆனால் அது செத்த பிறகு வரும் பணம். நாங்கள் பேசுவது சாவதற்கு முன்னால் போடவேண்டிய குழாயைப் பற்றி.

அது பெரிய தொழில்நுட்பமும் இல்லை. செப்டிக் டேங்குக்கான இந்தியத் தரநிர்ணயம் ஐ.எஸ். 2470 பல ஆண்டுகளாக இருக்கிறது. குறைந்தது 50 மில்லிமீட்டர் காற்றுக்குழாய் வேண்டும், தரை கசடு வெளியேறும் பக்கம் சரிய வேண்டும் என்றெல்லாம் அதில் எழுதியிருக்கிறது. நம் மேஸ்திரிகள் கட்டும் தொட்டிகளில் தரை சட்டிபோலத் தட்டையாக இருக்கும், காற்றுக்குழாய் இரண்டாம் மாடி ஜன்னல் பக்கம் முடியும், அறைகளுக்கு இரண்டு மூடி வேண்டிய இடத்தில் ஒன்று இருக்கும். படகில் செய்ததையே இங்கும் செய்யலாம்: ஒவ்வொரு அறையின் அடிவரை இறங்கும் அகலக் குழாய், அதன் வாய் காம்பவுண்டுச் சுவர் ஓரத்தில், லாரி ஹோஸ் நேராகப் பொருந்தும்படி. பழைய தொட்டியிலும் ஆளை இறக்காமலே மேலிருந்து இதைப் பொருத்தலாம். புதைந்த மூடிகளை மேலே கொண்டுவர வேண்டும்.

குழாய் மட்டும் போட்டால் போதும் என்று ஏமாற்றவும் மாட்டோம். இறுகிய கசடை எந்தக் குழாயும் உறிஞ்சாது. காலம் தவறாமல் எடுத்தால் இறுகாது. இறுகிவிட்டால் கலக்க இயந்திரம் இருக்கிறது. ஐ.ஐ.டி. மெட்ராஸ் உருவாக்கிய ஹோமோசெப், குடைபோல விரியும் தகடுகளால் தொட்டிக்குள்ளேயே கசடைக் கரைக்கிறது. மிச்சத்தை லாரி உறிஞ்சுகிறது. கிண்டிக்கும் திருநீர்மலைக்கும் நடுவே எத்தனை கிலோமீட்டர் என்று பாருங்கள். இயந்திரம் வந்து சேராததற்குத் தூரம் காரணமில்லை. ஐந்நூறு ரூபாய்க்கும் ஒரு குவார்ட்டருக்கும் இறங்க ஆள் கிடைக்கும்வரை எவன் குழாய்க்குச் செலவு செய்வான்? ஃபிளாட்டில் இத்தாலி மார்பிள் கேட்கிறவர்கள், டேங்குக்கு ஒரு குழாய் என்றால் "பட்ஜெட் இல்லை" என்கிறார்கள். சாதி இங்கே மலிவான உதிரிபாகமாக வேலை செய்கிறது.

ஆகவே தோழர்களே, கேட்க வேண்டியதைக் கேட்போம். ஆள் இறங்காமல் காலி செய்யும் இணைப்பு இல்லாத கட்டடத்துக்கு நிறைவுச் சான்று தரக்கூடாது என்று தாம்பரம் மாநகராட்சிக்கு மனு கொடுப்போம். 7-ஆம் பிரிவில் இதுவரை எத்தனை வழக்கு, எத்தனை பேருக்குத் தண்டனை என்று காவல்துறையிடம் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் கேட்போம். பட்டியல் சாதியினரை இறக்கினால் 2015 திருத்தத்துக்குப் பிறகு அது வன்கொடுமைக் குற்றமும்கூட; முதல் தகவல் அறிக்கையில் அந்தப் பிரிவு இருக்கிறதா என்று பார்ப்போம். கழிவு எடுக்க 14420 என்ற எண் இருப்பதைத் தெருவில் ஒட்டுவோம். விடுதியில் தங்கிப் படிக்கிறவர்கள் இந்த வாரமே வார்டனிடம் கேளுங்கள்: நம் தொட்டி எங்கே இருக்கிறது, எத்தனை மூடி, கடைசியாக எப்போது எடுத்தீர்கள், யாரை இறக்கினீர்கள்?