சர்க்கரையை விட்டால் மாதம் ஐந்து கிலோ குறையுமா?

"சர்க்கரையை மட்டும் நிறுத்திப் பாருங்க, ஒரே மாசத்துல அஞ்சு கிலோ இறங்கும்." கைப்பேசியைத் திறந்தால் இந்த வாக்குறுதி ஏதாவது ஒரு வடிவில் வந்து நிற்கிறது. முப்பது நாள் சவால் என்கிறார்கள். முன்பு, பின்பு என்று இரண்டு படங்கள் போடுகிறார்கள். கல்யாணப் பந்தியிலும் அலுவலகச் சாப்பாட்டு மேசையிலும் ஆளாளுக்கு இதையே திருப்பிச் சொல்கிறார்கள். சர்க்கரையைக் குறைக்க வேண்டும் என்பதில் எனக்கு மாற்றுக் கருத்து இல்லை. நம்மில் பெரும்பாலோர் குறைத்தே ஆக வேண்டும். நான் மறுப்பது அந்த ஐந்து கிலோவை. அதை நம்பி இறங்குபவர் ஐந்தாவது வாரம் ஏமாந்துபோய், கைக்கு வந்த நல்ல பழக்கத்தையும் சேர்த்து விட்டுவிடுகிறார். அந்த இழப்புதான் என்னை இதை எழுத வைக்கிறது.

கணக்கைப் போட்டுப் பார்த்துவிடுவோம். நாளைக்கு மூன்று முறை காபியோ டீயோ குடிப்பவர், ஒவ்வொரு முறையும் இரண்டு தேக்கரண்டி சர்க்கரை போடுகிறார். கரண்டிக்கு 5 கிராம் என்று தாராளமாகவே வைத்தாலும் மொத்தம் 30 கிராம். ஒரு கிராம் சர்க்கரையில் 4 கலோரி. ஆக நாளுக்கு 120, மாதத்துக்கு 3,600 கலோரி. உடம்பில் ஒரு கிலோ கொழுப்பு கரைய ஏறத்தாழ 7,700 கலோரி துண்டு விழ வேண்டும். அப்படியானால் ஒரு மாதம் சர்க்கரையைத் தொடாதவருக்குக் கிடைப்பது அரைக் கிலோவுக்கும் சற்றுக் குறைவு. ஐந்து கிலோ வேண்டுமென்றால் தினமும் 1,300 கலோரிக்கு நெருக்கமாகக் குறைய வேண்டும். அதை முழுக்கச் சர்க்கரையிலிருந்தே எடுப்பதாக இருந்தால், அந்த ஆள் அதுவரை நாளொன்றுக்கு 320 கிராம் சர்க்கரை தின்றுகொண்டிருந்திருக்க வேண்டும். ஒரு கிலோ பாக்கெட் ஒரே ஆளுக்கு மூன்று நாளில் தீர்ந்திருக்க வேண்டும். அப்படி ஒரு வீட்டை நான் பார்த்ததில்லை.

இந்த அரைக் கிலோ கணக்கும் மாதாமாதம் அப்படியே தொடராது. எடை குறையக் குறைய உடம்பு செலவழிக்கும் சக்தியும் குறைந்துகொண்டே வரும். 2011இல், அப்போது அமெரிக்க தேசிய நலவாழ்வு நிறுவனத்தில் இருந்த கெவின் ஹால் தலைமையிலான குழு 'லான்செட்' இதழில் இதற்கென்று ஒரு கணக்கை வெளியிட்டது. கூடுதல் எடையுள்ள ஒருவர் தன் அன்றாட உணவில் நிரந்தரமாகக் குறைக்கும் ஒவ்வொரு 24 கலோரிக்கும் கடைசியில் ஒரு கிலோ குறையும். அதில் பாதி குறைய ஒரு வருஷமும், ஏறக்குறைய முழுவதும் குறைய மூன்று வருஷமும் ஆகும். நம் காபிக்காரருக்கு இதைப் பொருத்தினால், 120 கலோரிக்கு ஐந்து கிலோ. ஆக, அந்த ஐந்து கிலோ கிடைக்கக்கூடியதுதான். ஆனால் முதல் வருஷம் இரண்டரைக் கிலோ, மிச்சம் அடுத்த இரண்டு வருஷத்தில். அதுவும் விட்ட 120 கலோரியை வேறு வழியில் திரும்பச் சாப்பிடாமல் இருந்தால்.

"எனக்கு முதல் வாரமே ரெண்டு கிலோ குறைஞ்சுதே!" என்று சொல்பவர்கள் உண்டு. அவர்கள் பொய் சொல்லவில்லை; மெஷின் அப்படித்தான் காட்டியிருக்கும். சர்க்கரையோடு சோறு, இட்லி, சப்பாத்தியையும் சேர்த்துக் குறைத்தவர்களுக்கே பெரும்பாலும் இது நடக்கிறது. ஈரலிலும் தசையிலும் கிளைக்கோஜன் என்ற பெயரில் மாவுச்சத்துச் சேமிப்பு ஏறக்குறைய அரைக் கிலோ இருக்கிறது. அதன் ஒவ்வொரு கிராமோடும் சுமார் மூன்று கிராம் தண்ணீர் ஒட்டியிருக்கிறது. மாவுச்சத்தைச் சட்டென்று குறைத்ததும் உடம்பு அந்தச் சேமிப்பை எடுத்துச் செலவழிக்கிறது, தண்ணீர் வெளியேறுகிறது. குறைந்தது பெரும்பாலும் நீர். ஒரு கல்யாணச் சாப்பாடு சாப்பிட்ட மறுநாள் அது திரும்ப வந்து உட்காரும். முன்பு, பின்பு படம் போடுபவர்கள் காட்டும் வேகத்தில் பெரும்பகுதி இதுதான் என்பது என் கணிப்பு.

எங்கள் தெருவில் ஓர் அக்கா இருக்கிறார். ஒரு நாள் மாலை வாசலில் நிறுத்திக் கேட்டார்: "தம்பி, ஒரு மாசமா வாயில ஒரு துளி சீனி படல. மெஷின்ல ஏறுனா முள்ளு நகரவே மாட்டேங்குது. எங்க வீட்டுக்காரரு, நீ திருட்டுத்தனமா திங்குறேன்னு சொல்றாரு." அவர் ஏமாற்றவில்லை. அரைக் கிலோ குறைந்திருந்தாலும் அந்த முள் அதைக் காட்டாது. முந்தின நாள் சாப்பிட்ட உப்பும் குடித்த தண்ணீரும் மட்டுமே எடையை ஒரு கிலோ மேலும் கீழும் ஆட்டிவிடும். ஒரு மாதம் நாக்கைக் கட்டி, வீட்டிலும் திருட்டுப் பட்டம் வாங்கி, கடைசியில் "என் உடம்பு வாகு அப்படி" என்று அவர் முடிவு கட்டியிருந்தார். அவரிடம் குறை இல்லை. அவருக்கு யாரோ கொடுத்த வாக்குறுதியில்தான் குறை.

இன்னொரு வாதம், எல்லாத் தீமையும் வெள்ளைச் சர்க்கரையிலேயே இருக்கிறது, அதை நீக்கினால் மற்றதெல்லாம் தானே சரியாகும் என்பது. டீக்கடையில் கால் மணி நேரம் நின்றால் இதற்குப் பதில் கிடைக்கும். "மாஸ்டர், ஒரு வித்தவுட்" என்று சத்தமாகக் கேட்டு வாங்குகிறவரின் இன்னொரு கையில், செய்தித்தாள் துண்டில் எண்ணெய் ஊறிய இரண்டு உளுந்து வடை. டீயில் அவர் தவிர்த்தது 40 கலோரி. வடை ஒன்றுக்கு, அளவைப் பொறுத்து, 100 முதல் 150. சர்க்கரையை விட்ட திருப்தியே அந்த இரண்டாவது வடைக்கு அனுமதி தந்துவிடுகிறது. வீட்டுச் சமையலிலும் இதே கதைதான்: தாளிக்கும்போது கூடுதலாக ஊற்றும் ஒரு மேசைக்கரண்டி எண்ணெயில் 120 கலோரி இருக்கிறது. நாள் முழுக்கக் காபியில் போடும் ஆறு கரண்டிச் சர்க்கரைக்கு அது சமம்.

ஆய்வுகளும் இதையே சொல்கின்றன. உலக சுகாதார நிறுவனம் கேட்டுக்கொண்டதன் பேரில் நியூசிலாந்தின் ஒடாகோ பல்கலைக்கழக ஆய்வாளர்கள், அதுவரை நடந்த 30 பரிசோதனைகளை ஒன்றுதிரட்டி ஆராய்ந்து 2013இல் 'பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னலில்' வெளியிட்டார்கள். மற்றபடி விருப்பம்போல் சாப்பிட்டு, சர்க்கரையை மட்டும் குறைத்த பெரியவர்களுக்குச் சராசரியாகக் குறைந்த எடை 800 கிராம். சர்க்கரையை எடுத்துவிட்டு அதே கலோரிக்கு வேறு மாவுச்சத்தைக் கொடுத்தபோது எடையில் மாற்றமே இல்லை. காபியில் சர்க்கரையை நிறுத்திவிட்டு, பசிக்கு ஒரு கரண்டி சோறு கூடப் போட்டுக்கொள்பவரின் நிலை இதுதான். இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் (ஐசிஎம்ஆர்) 'இண்டியாப்' ஆய்வு 2023இல் வெளியானது; அதன்படி நம் நாட்டுப் பெரியவர்களில் 39.5 சதவீதம் பேருக்கு வயிற்றுப் பருமன். அதே ஆய்வின் உணவுப் பகுதி 2025இல் வந்தது. இந்தியர்கள் சாப்பிடும் கலோரியில் 62 சதவீதம் மாவுச்சத்திலிருந்து வருகிறது என்றது அது. தெற்கே அதில் பெரும்பங்கு வெள்ளைச் சோறு. தட்டில் சோற்று மலையை அப்படியே வைத்துவிட்டுச் சர்க்கரை டப்பாவை மட்டும் குற்றவாளிக் கூண்டில் ஏற்றுவது நியாயமில்லை.

பாக்கெட் தின்பண்டங்களையும் சொல்ல வேண்டும். கெவின் ஹால் 2019இல் 20 பேரை மருத்துவமனையிலேயே தங்கவைத்து, இரண்டு வாரம் ஆலையில் தயாரான உணவு, இரண்டு வாரம் வீட்டுச் சமையல் போன்ற உணவு என்று மாற்றிமாற்றிக் கொடுத்தார். இரண்டிலும் பரிமாறிய சர்க்கரை, கொழுப்பு, உப்பு, நார்ச்சத்து அளவுகள் ஒத்தே இருந்தன. வேண்டிய மட்டும் சாப்பிடலாம் என்று விட்டபோது, ஆலை உணவில் நாளுக்குச் சுமார் 500 கலோரி கூடுதலாகச் சாப்பிட்டார்கள். இனிப்பே இல்லாத சிப்ஸும் நம்மைத் தேவைக்கு மேல் தின்னவைக்கும்.

இனி நாட்டுச்சர்க்கரை. நம் ஊரில் ஆழமாக வேரூன்றிய நம்பிக்கை இது: "வெள்ளைச் சீனிதான் விஷம், நாட்டுச்சர்க்கரை, வெல்லம், கருப்பட்டி, தேன் எல்லாம் எடையைக் குறைக்கும்." வெல்லம் 100 கிராமில் 350 முதல் 380 கலோரி, வெள்ளைச் சர்க்கரையில் 400க்குச் சற்றுக் கீழே. தேனில் தண்ணீர் இருப்பதால் 300ஐ ஒட்டி வரும். ஒரு கரண்டி அளவில் இந்த வித்தியாசத்துக்கு மதிப்பே இல்லை. இனிப்பு மட்டு என்று அரைக் கரண்டி கூடப் போட்டால் அந்த லாபமும் போயிற்று. தேனை உலக சுகாதார நிறுவனமும் சர்க்கரைக் கணக்கில்தான் வைக்கிறது. இரும்புச்சத்து என்ற வாதமும் நிற்காது: இரண்டு கரண்டி வெல்லத்தில் ஒரு மில்லிகிராம் இரும்பு கிடைப்பதே அரிது, வளர்ந்த பெண்ணுக்கு நாள் தேவையோ 29 மில்லிகிராம். கருப்பட்டிக் காபியின் மணம் எனக்கும் பிடிக்கும். மணத்துக்காகக் குடியுங்கள், மெலிவதற்காகக் குடிக்காதீர்கள்.

இதற்கு நேர் எதிராக, கொய்யாப்பழத்தைக்கூட ஒதுக்கச் சொல்பவர்கள் இருக்கிறார்கள். கடித்துத் தின்னும் முழுப் பழத்தை யாரும் தவிர்க்க வேண்டியதில்லை. பிழிந்து, வடிகட்டி, சர்க்கரை போட்டுத் தரும் ஜூஸ் வேறு. அது குளிர்பானத்தின் சொந்தக்காரன். சர்க்கரைக்குப் பதில் செயற்கை இனிப்பு மாத்திரை போட்டுக்கொண்டால் மெலியலாம் என்பதையும் உலக சுகாதார நிறுவனம் 2023இல் ஏற்கவில்லை. எடைக் கட்டுப்பாட்டுக்கு அவற்றை நம்ப வேண்டாம் என்றது. ஏற்கெனவே நீரிழிவு உள்ளவர்களுக்கு அந்தப் பரிந்துரை பொருந்தாது.

சர்க்கரையை விட்டதும் எடை கண்ணுக்குத் தெரியும்படி குறைகிறவர்களும் இருக்கத்தான் செய்கிறார்கள். தினமும் ஒன்றிரண்டு பாட்டில் கோலா குடிப்பவர்கள், ஜூஸ் கடை வழக்கமாகிப்போனவர்கள், மாலையானால் பேக்கரியில் நிற்பவர்கள். ஒரு 300 மில்லி கோலாவில் 30 கிராமுக்கு மேல் சர்க்கரை. திரவமாக உள்ளே போவதால் வயிறு அதைச் சாப்பாட்டுக் கணக்கில் சேர்ப்பதில்லை, அடுத்த வேளை சோறும் குறைவதில்லை. நெதர்லாந்தில் 641 பிள்ளைகளை வைத்து நடந்த ஆய்வு 2012இல் வெளியானது. பதினெட்டு மாதம் தினமும் 250 மில்லி இனிப்புப் பானம் குடித்தவர்கள், அதே அளவு சர்க்கரை இல்லாத பானம் குடித்தவர்களைவிட ஒரு கிலோ அதிகம் கூடியிருந்தார்கள். உங்கள் சர்க்கரை பெரும்பாலும் பாட்டிலிலிருந்து வருகிறதென்றால், அங்கேதான் முதலில் கை வையுங்கள்.

"எடை பெருசா குறையாதுன்னா அப்புறம் எதுக்கு நிறுத்தணும்?" இந்தக் கேள்விதான் எனக்கு மிகவும் முக்கியம். கலிஃபோர்னியாவில் ராபர்ட் லஸ்டிக் குழுவினர் உடல் பருமனுள்ள பிள்ளைகளின் உணவில் சர்க்கரையைக் குறைத்து, அதே கலோரிக்கு மாவுச்சத்தைக் கொடுத்தார்கள். எடை குறைந்துவிடாதபடி வேண்டுமென்றே பார்த்துக்கொண்டார்கள். ஒன்பதே நாளில் ரத்தத்தில் டிரைகிளிசரைடு என்ற கொழுப்பு இறங்கியது. ஈரலில் படிந்திருந்த கொழுப்பும் குறைந்தது. ஸ்கேன் எடுத்தால் ஈரலில் கொழுப்பு என்று எழுதி வருவது நம் வீடுகளில் சாதாரணமாகிவிட்ட காலம் இது. சர்க்கரையைக் குறைப்பதன் பெரிய பலன் அங்கே நடக்கிறது, அதைக் குளியலறை வாசலில் கிடக்கும் எடை மெஷின் காட்டாது.

நாக்கும் மாறும். அமெரிக்காவின் மோனெல் மையம் 2016இல் வெளியிட்ட ஆய்வில், சர்க்கரையைக் கணிசமாகக் குறைத்தவர்களுக்கு இரண்டு மூன்று மாதத்தில் அதே பாயசம் போன்ற இனிப்பு முன்பைவிட அதிகம் தித்தித்தது. பழையபடி சாப்பிட ஆரம்பித்ததும் நாக்கும் பழைய நிலைக்குத் திரும்பியது. அதனால்தான் முப்பது நாள் சவால்கள் எனக்குப் பிடிப்பதில்லை. நாக்கு மாறத் தொடங்கும் நேரத்தில் சவால் முடிந்து, மைசூர்பாகோடு கொண்டாடச் சொல்கிறார்கள்.

எதை எதிர்பார்க்கலாம்? முதல் மாதம் மெஷினில் எதையும் எதிர்பார்க்காதீர்கள். மூன்று மாதம் கழித்து இஞ்ச் டேப்பை எடுத்துத் தொப்புளை ஒட்டி இடுப்பை அளந்து பாருங்கள். டிரைகிளிசரைடையும் ஒருமுறை பார்த்துக்கொள்ளுங்கள். சர்க்கரையோடு சோற்றில் ஒரு கரண்டியைக் குறைத்து, அந்த இடத்தில் பயறோ முட்டையோ மோரோ காயோ வைத்து, மாலையில் நடக்கவும் செய்தால் வருஷத்தில் இரண்டரைக் கிலோ என்ற கணக்கைத் தாண்டியும் போகலாம். நீரிழிவுக்கு மாத்திரையோ இன்சுலினோ எடுப்பவர்கள் உணவைச் சட்டென்று குறைக்கும் முன் மருத்துவரிடம் சொல்லிவிடுங்கள். அதே மருந்தளவில் ரத்தச் சர்க்கரை தாழ்ந்து மயக்கம் வரக்கூடும்.

முள் நகரவில்லை என்று நடுவில் விட்டவர்களிடம் ஒரு வேண்டுகோள். நாளைக் காலைக் காபியில் ஒரு கரண்டியைக் குறைத்து மறுபடி தொடங்குங்கள். வீட்டில் உள்ளவர்கள் எத்தனை கிலோ குறைந்தது என்று அவர்களிடம் ஒரு வருஷத்துக்குக் கேட்காதீர்கள்.