எண்ண வேண்டியது மனிதர்களை, கதவுகளை அல்ல

மும்பையில் விடுதி அறை எடுப்பவர், எத்தனை பேர் தங்குவார்கள் என்பதை முதலில் சொல்லியாக வேண்டும். இருவருக்கான அறையில் மூன்றாமவர் தங்கினால் கூடுதல் படுக்கைக்குக் கட்டணம்; ஒவ்வொருவரும் அடையாளச் சான்றுடன் பதிவேட்டில் ஏற வேண்டும். ஆலைகளிலும் ஆளைத்தான் கணக்கிட்டார்கள். 1948ஆம் ஆண்டின் தொழிற்சாலைகள் சட்டம், நெரிசலைத் தடுக்க, புதிய ஆலைகளில் தொழிலாளி ஒருவருக்கு 14.2 கன மீட்டர் இடம் என அளவு வகுத்தது. ஆனால் தாராவியில், ஏறத்தாழ 600 ஏக்கரில் நெருங்கி வாழும் லட்சக்கணக்கான உழைக்கும் மக்களின் எதிர்காலத்தைத் தீர்மானிக்கும் கணக்கெடுப்பில், மனிதர் அலகு அல்ல, கட்டுமானமே அலகு.

2022 நவம்பரில் 5,069 கோடி ரூபாய் ஏலத்தொகை குறித்து அதானி குழுமம் தாராவி மறுசீரமைப்புத் திட்டத்தைக் கைப்பற்றியது. திட்டத்தை நடத்தும் நவ்பாரத் மெகா டெவலப்பர்ஸ் நிறுவனத்தில் அக்குழுமத்தின் பங்கு 80 சதவீதம். மகாராஷ்டிர அரசின் பங்கு 20 சதவீதம். கணக்கெடுப்பு 2024 மார்ச்சில் தொடங்கியது. அதன் விதிகள் இவை: 2000 ஜனவரி 1க்கு முன்பிருந்தே தரைத்தளத்தில் குடியிருப்போருக்கு மட்டுமே தாராவிக்குள் 350 சதுர அடி வீடு இலவசம். அதன்பின் 2011 ஜனவரி 1 வரை குடியேறியோர் இரண்டரை லட்சம் ரூபாய் செலுத்தித் தாராவிக்கு வெளியே வீடு பெற வேண்டும். அதற்கும் பிந்தியோருக்கும், எப்போது வந்திருந்தாலும் மாடியில் வசிப்போருக்கும், வெளியே வாடகைக் குடியிருப்பு மட்டுமே. தவணை கட்டி முடித்தால் சொந்தமாகலாம்.

மாடியில் இருப்பவர்கள் யார்? கீழ்வீட்டில் இடம் போதாமல் ஏணி வைத்து ஏறிய மகனின் குடும்பம். வாடகைக்கு வந்த தையல் தொழிலாளி. திருநெல்வேலிச் சீமையிலிருந்து தோல் பதனிடும் வேலைக்கு வந்த முன்னோரின் நாளிலிருந்தே, ஓர் அறையைப் பலர் பகிர்ந்து வாழ்வதுதான் தாராவியின் வாழ்முறை. தனித்து வந்த ஆண்கள் கூடித் தங்கி உண்ட ‘பொங்கல் வீடு’களும் இப்படித் தோன்றியவையே. பட்டறையிலேயே உறங்கும் இளைஞருக்குத் தனிக் கதவு எண் ஏது? தகுதி பெற்ற குடிசையில் மூன்று மகன்களின் குடும்பங்கள் இருந்தாலும் கிடைப்பது ஒரே வீடுதான். வருமானம் தரும் இடத்தில் ஆளுக்கு ஆள் கணக்கு. உரிமை தரவேண்டிய இடத்தில் கதவுக்கு ஒரு கணக்கு!

அனைவருக்கும் வீடு கிடைக்கும், ஒருவரும் தெருவில் நிற்கமாட்டார் என்கிறது அரசு. எங்கே கிடைக்கும் என்பதே கேள்வி. முலுண்ட், காஞ்சூர்மார்க், பாண்டுப் பகுதிகளின் உப்பளங்களில் சுமார் 256 ஏக்கரும், தேவ்னார் குப்பைக் கிடங்கில் 124 ஏக்கரும் இதற்கென ஒதுக்கப்பட்டுள்ளன. அதிகாலையில் இட்லி அவித்து மாட்டுங்காவிலும் தாதரிலும் விற்பவருக்கும், வீட்டிலேயே தோல்பை தைப்பவருக்கும், குடியிருப்பும் பிழைப்பும் ஒன்றே. இடம் மாறினால் இரண்டும் போகும். செம்பூர் வட்டாரத் தமிழர்களுக்கு இது புதிதன்று. நெருக்கடி நிலைக் காலத்தில், 1976இல், ஜனதா காலனியை இடித்துப் பல்லாயிரம் பேரைச் சீத்தா கேம்ப்புக்கு விரட்டியது அரசு. மாகுலில் எண்ணெய்ச் சுத்திகரிப்பு ஆலைகளின் அருகே குடியேற்றப்பட்டோர், அங்கிருந்து வெளியேற நீதிமன்றப் படியேற நேர்ந்தது.

தகுதி, வரம்புத் தேதி, தரைத்தளம், மாடி என்ற பிரிவினைகள் ஒரே சந்தின் மக்களை ஒருவருக்கொருவர் எதிராக நிறுத்துகின்றன. தகுதி பெற்றவர் மௌனம் காத்தால் பெறாதவர் தனித்து விடப்படுவார். குத்தகை நிறுவனத்திற்கு வேண்டியது அதுவே. ஆகவே, ஒவ்வொரு குடும்பத்திற்கும் தாராவிக்குள்ளேயே 500 சதுர அடி வீடு என்ற தாராவி பச்சாவ் ஆந்தோலனின் கோரிக்கை, அனைவரையும் ஒன்றுசேர்க்கும் கோரிக்கையாகும்.

வாடகைக் குடியிருப்போரும், மாடியில் வசிப்போரும், பட்டறைத் தொழிலாளர்களும் பெயர் பெயராகப் பதிவு செய்யப்பட வேண்டும். சந்துதோறும் பட்டியல் வெளியிடப்பட வேண்டும். அதுவரை அரசின் கணக்கிற்காகக் காத்திராமல், யார் எந்த அறையில், எத்தனை ஆண்டுகளாக, எத்தனை பேராக வாழ்கிறார்கள் என்ற மக்களின் கணக்கைக் கிளைகளே தொகுக்கலாம். தரைத்தளத்தில் இருப்பவரின் கையெழுத்து, மாடியில் இருப்பவரின் மனுவிலும் இடம்பெறச் செய்வதே தாராவித் தோழர்களின் முதற்பணி.