நம் பேச்சு கொச்சையா?

"காலையில என்னடா சாப்பிட்ட?" என்று வகுப்பில் கேட்கிறார் ஆசிரியர். "சோறு தின்னேன் சார்" என்கிறான் காலனிப் பையன். வகுப்பே சிரிக்கிறது. "சாதம் சாப்பிட்டேன்னு சொல்லு" என்று திருத்துகிறார் ஆசிரியர். அதற்குப் பிறகு எந்தக் கேள்விக்கும் அந்தப் பையன் வாய் திறப்பதில்லை. நம்மில் பலர் இப்படித்தான் பள்ளியில் ஊமையானோம்.

சோறு சங்க இலக்கியத்திலேயே உள்ள சொல். பெருஞ்சோற்று உதியன் சேரலாதன் என்று ஒரு சேர மன்னனுக்கே பெயர். சாதம் பின்னால் வந்தது. மன்னன் பெயரில் இருந்தால் பெருமை, நம் பிள்ளை வாயில் வந்தால் கொச்சை என்றால், பேசுகிறவரின் தெருவைப் பார்த்துத்தான் சொல்லுக்கு மதிப்புப் போடுகிறார்கள் என்று பொருள்.

இது நேற்று வந்த வழக்கம் இல்லை. வழக்கு என்பது உயர்ந்தோரைச் சார்ந்தது என்கிறது தொல்காப்பிய மரபியல். அறிவால் உயர்ந்தோர் என்று அதற்கு விளக்கம் சொல்லலாம். ஊர் நடப்பில் அது சாதியால் உயர்ந்தோர் என்றே ஆகிவிட்டது.

பள்ளி இலக்கணத்தில் குழூஉக்குறி படிக்கிறோம். பொற்கொல்லர் பொன்னைப் 'பறி' என்பர், யானைப்பாகர் ஆடையைக் 'காரை' என்பர். உழைப்பவர் சொல்லுக்கு இலக்கணம் இடம் கொடுத்தது நல்லதுதான். ஆனால் பறை அடிப்பவரின் அடிக்குச்சி, சிம்புக்குச்சி, சப்பரத்து அடி, சாமிச்சாத்து அடி எந்தப் பாடத்தில் இருக்கின்றன? உழுது சேறாக்கிய சேடை, தண்ணீர் பாயும் வாமடை, மணி முற்றாத கருக்காய் என்று வயலில் ஒவ்வொன்றுக்கும் நம் அம்மாக்களிடம் சொல் உண்டு. நடவுக்கும் அறுப்புக்கும் இயந்திரம் வந்துவிட்டது. அவர்களோடு அந்தச் சொற்களும் போய்விடும்.

சுடுகாட்டை 'நன்காடு' என்பது மங்கல வழக்கு என்றும் அதே இலக்கணம் கற்றுத்தருகிறது. காட்டுக்கு நல்ல பெயர் கிடைத்துவிட்டது. அங்கே பிணம் எரிக்கும் பெரியவரை மட்டும் மீசை முளைக்காத பையன் "வாடா, போடா" என்கிறான். அவர் பதிலுக்கு "சாமி" என்கிறார். சோறு என்பது கொச்சையா, தாத்தா வயதுக்காரரை வாடா என்பது கொச்சையா? மாணவர்கள் யோசிக்க வேண்டும்.

கரிசல் மண்ணின் சொற்களை கி.ராஜநாராயணன் அகராதியாகத் தொகுத்தார். அதை வட்டார வழக்கு என்று மதிக்கிறோம். நம் பேச்சுக்கு மட்டும் 'சேரி பாஷை' என்று பெயர். அந்தப் பேச்சிலேயே 1992இல் பாமா 'கருக்கு' எழுதினார். இன்று அது பல்கலைக்கழகங்களில் பாடம்.

ஆசிரியர்களிடம் நாம் கேட்பது ஒன்றுதான். பொதுத்தமிழைக் கட்டாயம் கற்றுக்கொடுங்கள். தேர்வுக்கும் வேலைக்கும் நம் பிள்ளைகளுக்கு அது வேண்டும். அதற்காக, வீட்டிலிருந்து அவர்கள் கொண்டுவரும் தமிழைச் சிரித்து அடக்காதீர்கள்.

மாணவர்களே, இந்த விடுமுறையில் ஒரு நோட்டை எடுத்துக்கொண்டு பாட்டியிடம் உட்காருங்கள். வயல், பறை, சமையல், சாவு, கல்யாணம் என்று ஒவ்வொன்றிலும் அவர் சொல்லும் சொற்களை எழுதுங்கள். அடுத்த முறை வகுப்பில் யாராவது சிரித்தால், "சேர மன்னன் பேருலயே சோறு இருக்கு சார்" என்று எழுந்து நின்று சொல்லுங்கள்.