ஹைப்ரிட் கார் வாங்கினா மட்டும் போதுமா?

ஹைப்ரிட் கார்னாலே எல்லாருக்கும் மைலேஜ் ஞாபகம்தான். சரி, நம்ம காமர்ஸ் மூளைய வச்சு ஒரு கணக்கு போடுவோம். 2022ல வந்த கிராண்ட் விட்டாராவை எடுத்துக்குங்க. சோதனைக் கணக்குப்படி ஸ்ட்ராங் ஹைப்ரிட் லிட்டருக்கு 27.97 கி.மீ., பெட்ரோல் மேனுவல் 21.11 கி.மீ. வருஷம் 10,000 கி.மீ. ஓட்டினா மிச்சம் சுமார் 116 லிட்டர். லிட்டர் 100 ரூபாய்னு வச்சா 11,600 ரூபாய். ஹைப்ரிடுக்குன்னு 2 லட்சம் கூட குடுத்திருந்தா, போட்ட காசை எடுக்க 17 வருஷம்!

அப்ப வேஸ்டான்னு கேக்காதீங்க. சிட்டி டிராபிக்லதான் இந்த வண்டி ஜெயிக்கும். சிக்னல்ல இன்ஜின் நின்னுக்கும். பிரேக் பிடிச்சா வீணாகுற சக்தியில ஒரு பங்கு பேட்டரிக்குத் திரும்பும். ஆனா ஓட்டுறவர் பழக்கம் மாறணுமே! கடைசி நிமிஷத்துல சடார்னு மிதிச்சா நிறைய சக்தி சூடாவே போயிடும். தூரத்துலயே மெதுவா மிதிச்சா பேட்டரி ஏறும். பழக்கதோஷத்துல சிக்னல்ல நியூட்ரலுக்கு மாத்தினா, பேட்டரி சார்ஜ் ஏறாது.

ஷோரூம்காரங்களே, சாவியும் ஸ்வீட் பாக்ஸும் குடுத்து போட்டோ எடுத்தா மட்டும் போதாதுங்க. பக்கத்துல உக்காந்து அரைமணி நேரம் இதையும் சொல்லிக்குடுங்க. இல்லாட்டி அந்த 2 லட்சம் வெறும் பந்தாவுக்குத்தான்.

என்ன மக்களே, நான் சொல்றது சரிதானே?